பூட்டிக்கொண்ட கியர்

1994ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒருநாள் காலை, உறவினர் இல்லத் திருமணத்தின்பொருட்டு, நாங்கள் எழுவர் பழைய வாடகை மோட்டார் வண்டி ஒன்றில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றுகொண்டிருந்தோம். வழியில் இருப்புப்பாதை ஒன்று சாலையைக் குறுக்கிட்டது. கதவு திறந்திருந்தது. பாதைமேட்டில் வண்டி மெல்ல ஏறியது. வேகம் குறையவே, ஓட்டுநர் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்றார். கோல் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னும் செல்லவில்லை, பின்னும் வரவில்லை. அவர் அதனோடு போராடிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் இருமுறை குலுங்கி ஓய்ந்தது. முன்சக்கரங்கள் தண்டவாளத்திற்கு அப்பாலும் பின்சக்கரங்கள் இப்பாலுமாக வண்டி பாதையின் நடுவே நின்றது.

முதலில் பெண்டிரையும் குழந்தைகளையும் இறக்கி அப்புறப்படுத்தினோம். ஓட்டுநர் சாவியைத் திருகினார். வண்டி ஒருமுறை துள்ளி, முனகி, அடங்கியது. ஆடவர் நால்வர் பின்புறம் தோள்கொடுத்துத் தள்ளினோம். அரையடி அசைந்த வண்டி மீண்டும் பழைய இடத்திற்கே வந்தது. ஓட்டுநரோ இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு, இரு கைகளாலும் கோலைப் பற்றி, ஆழ்கிணற்றில் நீர் இறைப்பவர்போல் இழுத்துக்கொண்டிருந்தார். இதற்குள் கதவுக்காவலர் ஓடிவந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் ரயில் வரும் என்று சொல்லிவிட்டுச் செங்கொடியை எடுத்துக்கொண்டு பாதையோரமாக விரைந்தார்.

கதவுக்கு அப்பால் லாரி ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி வந்தார், வண்டியின் சன்னல் வழியே தலையை நீட்டி, "கோலை விட்டுவிடு தம்பி. கிளச்சை மிதித்துக்கொண்டு சும்மா இரு. அவர்கள் தள்ளட்டும்" என்றார். அவ்வளவே. சற்றுமுன் நால்வர் தோளுக்கு அசையாத வண்டி இப்பொழுது இருவர் கைக்கே உருண்டு மேட்டைவிட்டு இறங்கிற்று. ரயில் கடந்து சென்றபின் அம்முதியவர் வண்டியின் முன்மூடியைத் திறந்தார். ஸ்டீரிங் தண்டின் அடிப்பகுதியில் கையை விட்டு, அங்கிருந்த சிறு நெம்புகோல்கள் இரண்டைத் தட்டி நேர்ப்படுத்தினார். 'டக்' என்றோர் ஓசை கேட்டது. கோல் விடுபட்டது. கருவி எதனையும் அவர் கையில் எடுக்கவில்லை.

நால்வர் வலிமையால் ஆகாதது ஒருவர் கால்மிதிப்பால் ஆயிற்று. இரு கைகளின் இழுப்புக்கு இணங்காத கோல் இரு விரல்களின் தட்டுக்கு இணங்கிற்று. இஃது எவ்வாறு? இக்கேள்வி என் உள்ளத்தில் நெடுநாள் கிடந்தது. விடையை யான் பெற்றது, என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரிடமிருந்து. புணர்ச்சி இலக்கணத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்ணை இங்கு வெளியிடுதல் முறையன்று. இன்று அவர் மோட்டார்ப் பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றார். பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர். பணி ஓய்வு பெற்றபின் மாலைவேளைகளில் அப்பட்டறை வாயிலில் அமர்ந்து யான் கேட்டும் கண்டும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றேன்.

கியர் சிக்கிக்கொள்வதை அறிய வேண்டுமாயின் கியர் எதற்கு என்பதை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சின் விரைந்து சுழலும் இயல்புடையது. மெல்லச் சுழலும்போது அதற்கு இழுக்கும் வலிமை இல்லை. நின்ற வண்டியைப் பெயர்க்கவும் மேட்டில் ஏற்றவும் வேகம் வேண்டா, வலிமையே வேண்டும். சமவெளியில் ஓடும்போது வலிமை சிறிதே போதும், வேகம் வேண்டும். ஒரே எஞ்சினிடமிருந்து இவ்விரண்டனையும் மாற்றி மாற்றிப் பெறுவதற்குப் பற்சக்கரங்கள் உதவுகின்றன. 15 பற்களையுடைய சக்கரம் ஒன்று 45 பற்களையுடைய சக்கரத்தோடு கோத்துச் சுழல்வதாகக் கொள்வோம். முன்னது மூன்று சுற்றுச் சுற்றினால் பின்னது ஒரு சுற்றே சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது. திருப்பும் வலிமையோ ஏறத்தாழ மும்மடங்காகின்றது. இத்தகைய சக்கர இணைகள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டு, எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் உலோகப் பெட்டியே கியர்ப்பெட்டி.

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் நிற்பது கிளச்சு. எஞ்சினின் கடைக்கோடியில் கனத்த சக்கரம் ஒன்று சுழல்கின்றது. அதன் முகத்தோடு உராய்வுத்தட்டு ஒன்றை வலிய சுருள்விற்கள் அழுத்திக்கொண்டிருக்கின்றன. அத்தட்டின் வழியாகவே எஞ்சினின் ஆற்றல் பெட்டிக்குள் நுழைகின்றது. ஓட்டுநர் இடக்காலால் மிதியை அழுத்தும்போது விற்களின் அழுத்தம் நீங்குகின்றது, தட்டு விடுபடுகின்றது. அப்பொழுது எஞ்சின் வேறு, சக்கரங்கள் வேறு.

இப்பொழுது பாதைமேட்டில் நிகழ்ந்தது விளங்கும். வண்டி மூன்றாம் கியரிலேயே அகப்பட்டிருந்தது. ஓட்டுநர் கோலை இழுக்கும் முனைப்பில் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆகவே நாங்கள் தள்ளியது வண்டியை மட்டும் அன்று. ஓய்ந்து கிடந்த எஞ்சினையும் அதன் உருளைகளுள் அடைபட்டிருந்த காற்றையும் சேர்த்தே தள்ளினோம். எங்களை அரையடி பின்னுக்குத் தள்ளியது அக்காற்றே! சாவியைத் திருகியபோது வண்டி முனகியதும் இதனாலேயே. எஞ்சினை மட்டும் சுழற்றுதற்கு அமைந்த சிறு மின்மோட்டார் வண்டி முழுவதையும் இழுக்கவேண்டியதாயிற்று. முதற் கியரில் அகப்பட்டிருந்தால் அது சிறிது தூரம் இழுத்தும் இருக்கும். நின்றுபோன பழைய வண்டிகளை அம்முறையால் நகர்த்தியோர் உளர். மூன்றாம் கியரில் அஃது அதன் ஆற்றலுக்கு மீறிய செயல்.

இனிக் கியர்ப்பெட்டிக்குள் நுழைவோம். மோட்டார் வண்டி தோன்றிய தொடக்க காலத்தில், 1890களில், பிரெஞ்சு நாட்டுப் பனார், லெவசோர் என்போரின் வண்டிகளில் பற்சக்கரங்களையே தண்டின்மேல் நகர்த்தி ஒன்றோடொன்று கோத்தனர். சுழலும் பல் சுழலும் பல்லோடு மோதும். ஓசை செவியைத் துளைக்கும். பின்வந்தோர் வேறு வழி கண்டனர். சக்கரங்கள் எப்பொழுதும் கோத்தபடியே இருக்கும். ஆனால் வெளித்தண்டின்மேல் உள்ளவை அதனோடு ஒட்டாமல் தாமே சுழன்றுகொண்டிருக்கும். அவற்றுள் வேண்டிய ஒன்றை மட்டும் தண்டோடு பிணைப்பதற்கு உள்ளே பற்கள் அமைந்த வளையம் ஒன்று இருக்கும். ஓட்டுநர் கோலால் நகர்த்துவது இவ்வளையத்தையே. பிணையும் முன்னர்த் தண்டின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றாதல் வேண்டும் அன்றோ? அதன்பொருட்டு இடையில் வெண்கல வளையம் ஒன்றை வைத்தனர். அது முதலில் சக்கரத்தின் கூம்பு முகத்தை உராய்ந்து அதன் வேகத்தைத் தண்டின் வேகத்திற்குக் கொண்டுவரும். அதன்பின் பற்கள் ஓசையின்றிக் கோக்கும். வேகத்தை ஒன்றாக்கும் இவ்வகை அமைப்பு, 1928ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டிகளில் முதன்முதல் வந்தது.

இதனை விளக்கும்போது என் மாணவர் கையிலிருந்த தேய்ந்த வெண்கல வளையத்தை என்னிடம் கொடுத்து, "ஐயா, நீங்கள் உடம்படுமெய் என்று நடத்தினீர்களே, அதுதான் இது" என்றார். யான் வியந்தேன். மணி என்னும் சொல்லோடு அழகு என்னும் சொல் சேரும்போது இகரமும் அகரமும் நேரே பொருந்துவதில்லை. யகரம் இடையில் நின்று உடன்படுத்த, மணியழகு ஆகின்றது. பூ என்பதனோடு அழகு சேர்ந்தால் வகரம் அத்தொழிலைச் செய்யப் பூவழகு ஆகின்றது. உடன்படாத இரண்டினை இடைநின்று உடன்படுத்துவதே வெண்கல வளையத்தின் தொழிலும் ஆகும். தேர்வில் எழுதாத விடையை அவர் முப்பது ஆண்டுகளுக்குப்பின் எழுதிவிட்டார்! ஒன்று மட்டும் நினைவில் இருத்தல் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் முதற் கியருக்கும் பின்செல்லும் கியருக்கும் இவ்வுடம்படுமெய் இல்லை. ஆதலின் வண்டி முற்றும் நின்றபின்னரே அவற்றை இடுதல் நன்று. ஓடும்போதே அவற்றைத் திணிப்போர் பற்களின் முனையை மழுக்குவர். மழுங்கிய பற்கள் பின்னொருநாள் கோக்கவும் மறுக்கும், விலகவும் மறுக்கும்.

வளையத்தை நகர்த்துவது கவைக்கோல் போன்ற ஓர் உறுப்பு. பட்டறையில் அதனை 'ஃபோர்க்' என்பர். ஒவ்வொரு ஃபோர்க்கும் ஓர் எஃகுக் கம்பியில் பொருத்தப்பட்டிருக்கும். நான்கு முன்கியர்களும் ஒரு பின்கியரும் உடைய பெட்டியில் பெரும்பாலும் இத்தகைய கம்பிகள் மூன்று: முதல் இரண்டு கியர்களுக்கு ஒன்று, அடுத்த இரண்டிற்கு ஒன்று, பின்கியருக்கு ஒன்று. கோலோடு தொடர்புடைய விரல் போன்ற முனை ஒன்று இம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து முன்னோ பின்னோ தள்ளுகின்றது. கம்பிகளில் சிறுசிறு பள்ளங்கள் உண்டு. வில்லால் அழுத்தப்பெறும் எஃகுக் குண்டு ஒன்று அப்பள்ளத்தில் அமர்ந்து, கம்பி தானாக நழுவாமல் காக்கின்றது. 'கியர் விழுந்தது' என்று ஓட்டுநர் கூறும்போது உண்மையில் விழுவது அக்குண்டே. எக்கியரும் விழாத நிலை நடுநிலை. 'நியூட்ரல்' என்று வழங்குவது அது.

இவற்றினும் சிறந்த காவல் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு தண்டு ஒரே நொடியில் இருவேறு வேகங்களில் சுழலவேண்டியதாகும். அஃது இயலாது. எனவே பெட்டி முழுவதும் பூட்டிக்கொள்ளும். ஓடுகின்ற வண்டியின் பின்சக்கரங்கள் கணப்பொழுதில் நின்றுவிடும். அதன் விளைவை யான் கூறவேண்டா. இதனைத் தடுப்பதற்காகக் கம்பிகளுக்கு இடையே சிறு ஆணிகளையோ குண்டுகளையோ வைத்திருக்கின்றனர். ஒரு கம்பி நடுநிலையிலிருந்து சிறிது நகர்ந்த அளவிலேயே, அது ஆணியைப் பக்கத்துக் கம்பியின் பள்ளத்துள் தள்ளி அதனை அசையாமற் செய்துவிடும். முன்னது தன் இடத்திற்குத் திரும்பினாலன்றிப் பின்னது புறப்பட முடியாது. கோல் சிக்கிவிட்டது என்று நாம் வண்டியை வையும்போது, பலமுறை, உள்ளே இக்காவலன் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றான். அவனை வலிமையால் வெல்ல முயல்வோர் ஃபோர்க்கை வளைப்பர்; அல்லது கோலை முறிப்பர். அரிதாக, தேய்ந்த ஆணியைக் கடந்து, தடுக்கப்பட்ட அந்த இரண்டாம் கியரை விழச்செய்தும் விடுவர். மூன்றனுள் இதுவே கொடியது.

எங்கள் வண்டியில் காவலன் விழித்துக்கொண்டது ஏன்? அவ்வண்டியின் கியர்க்கோல் தரையில் இல்லை. ஸ்டீரிங் சக்கரத்தின் கீழே பக்கவாட்டில் நீண்டிருந்தது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் வண்டியை நீங்கள் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கில வண்டியின் வழிவந்த அது, கல்கத்தாவிற்கு அருகிலுள்ள உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்டது. அதன் பழைய வடிவங்களிலும், பிரீமியர் பத்மினி வண்டிகளிலும் கோல் இவ்வாறே அமைந்திருந்தது. முன்னிருக்கையில் மூவர் நெருக்கமின்றி அமர இவ்வமைப்பு இடங்கொடுத்தது. ஆனால் ஓட்டுநர் கைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள தொலைவு மிகுந்துவிட்டது. ஸ்டீரிங் தண்டை ஒட்டி ஓர் உருள்தண்டு இறங்கும். அதன் அடியில் நெம்புகோல்கள். அவற்றிலிருந்து பெட்டிவரை இணைகோல்கள். ஒவ்வொரு மூட்டிலும் 'புஷ்' எனப்படும் சிறு குழல்.

ஒவ்வொரு புஷ்ஷும் மயிரிழை அளவே தேய்கின்றது. மயிரிழைகள் ஆறேழு சேர்ந்தால் கோலின் முனையில் ஓர் அங்குல ஆட்டமாகிவிடும். அப்பொழுது கை நடுநிலைக்கு வந்துவிட்டதாக நினைக்கும். உள்ளே மூன்றாம் கியரின் கம்பி இன்னும் முற்றும் திரும்பியிராது. இடைவெளி மிகுந்த விரல், அக்கம்பியைப் பாதியில் கைவிட்டு, அடுத்த கம்பிக்குத் தாவும். அடுத்த கம்பியைக் காவலன் விடமாட்டான். பழைய கம்பிக்குத் திரும்பலாம் என்றாலோ வாயில் நேர்ப்படாது. பாதைமேட்டில் நடந்தது இதுவே. முதியவர் கீழேயுள்ள நெம்புகோல்களைத் தட்டி, வழிதவறிய விரலை உரிய கம்பியின்முன் நிறுத்தி, அக்கம்பியை நடுநிலைக்குத் திருப்பினார். நோய் பெட்டிக்குள் இல்லை; வெளியில் இருந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்க்க நேர்ந்திருந்தால் அன்று நாங்கள் மணமக்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

கோல் சிக்கியது என்று வண்டி வந்தால் என் மாணவர் எங்கிருந்து தொடங்குகின்றார் என்பதைப் பன்முறை உற்று நோக்கியிருக்கின்றேன். வண்டியைச் சமதரையில் நிறுத்துவார். கைத்தடையைப் போடுவார், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். அதன்பின் ஓட்டுநரிடம் அவர் கேட்கும் முதற்கேள்வி, "எஞ்சின் ஓடும்போது மட்டும் சிக்குகின்றதா, நின்றபோதும் சிக்குகின்றதா?" என்பது. இவ்வொரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடுகின்றது.

எஞ்சின் நின்றவுடன் கோல் எளிதாக வருமாயின், குற்றம் பெரும்பாலும் கிளச்சைச் சார்ந்தது. மிதித்தும் தட்டு முற்றும் விடுபடவில்லை. எஞ்சினின் இழுப்புப் பற்களின்மேல் ஏறியே நிற்கின்றது. இருபுறமும் இழுத்துப் பிடித்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்க இயலுமோ? கயிற்றைத் தளர்த்தினால் முடிச்சுத் தானே நெகிழும். கியரும் அத்தகையதே. ஆதலின் மிதியை ஆராய்தல் வேண்டும். பல வண்டிகளில் மிதியின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் பயனற்ற அசைவு இருத்தல் முறை. அது மிகுந்துவிட்டால் எஞ்சிய அசைவு தட்டை விடுவிக்கப் போதாது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சாயின் எண்ணெய் ஒழுகியிருக்கலாம். குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மழைக்காலத்தில் நெடுநாள் நின்ற வண்டியில் தட்டே துருவினால் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

எஞ்சின் நின்றபின்னும் கோல் வராவிடில், பற்களின்மேல் வண்டியின் எடை ஏறியிருக்கின்றதா என்று பார்ப்பார். சரிவில் கைத்தடையின்றிக் கியரில் மட்டும் நிறுத்திய வண்டியில் இது நேரும். வண்டி முழுவதும் அப்பற்களில் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: சரிவில் நின்று முதலில் கிளச்சை மிதித்தல் ஆகாது, மிதித்த கணமே வண்டி உருளத் தொடங்கும். முதலில் கால்தடை, அடுத்துக் கிளச்சு, அதன்பின் கோல். சமதரையாயின், கல்லையும் கைத்தடையையும் சற்றே நீக்கி, ஒருவர் உள்ளே தடைமிதியின் அருகே காலை வைத்தபடி அமர்ந்து, கோலை நடுநிலை நோக்கி இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தி வைத்திருக்க, மற்றொருவர் வண்டியை முன்னும் பின்னும் அரையடி அசைப்பார். அசைவின் ஏதோ ஒரு புள்ளியில் பற்களின் இறுக்கம் தளரும். அப்போது கோல் தானே விடுபடும். முழங்கை வலிமையால் வராதது இவ்வாறு வந்ததை யான் மும்முறை கண்டேன்.

அதுவும் பயன்படாவிடில் இணைகோல்களை நோக்குவார். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கோலை மெல்ல அசைக்க, மற்றொருவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் தொடர்ந்து செல்வார். எந்த மூட்டில் அசைவு நின்றுவிடுகின்றதோ, அங்கே நோய். காட்டர்ப்பின் ஒன்று விழுந்திருக்கும், புஷ் பொடிந்திருக்கும், கிரீஸ் வற்றி மண் அடைந்திருக்கும். பெட்டியின் பக்கத்திலுள்ள நெம்புகோல் வரை அசைவு முறையாக வந்து, அதற்கப்பாலும் கியர் மாறாவிடில், அப்பொழுதே, அதற்கு முன்னர் அன்று, பெட்டியின்மேல் ஐயம் கொள்ளுதல் வேண்டும். நம்மவருள் பலர் பெட்டியிலிருந்து தொடங்கிப் புஷ்ஷில் வந்து முடிக்கின்றனர். பொருட்செலவு நோக்கியோ அறியாமையாலோ, யான் அறியேன்.

பெட்டிக்குள் என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்பதைத் திறவாமலே ஓரளவு அறியலாம். கைத்தடையை நீக்கி, கிளச்சை மிதித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். தடையின்றி உருண்டால், ஒரு கியரே விழுந்திருக்கின்றது. கிளச்சும் நன்றாக உள்ளது. விம்மி விம்மி, எஞ்சினின் மூச்சோடு நகர்ந்தால், கிளச்சு விடவில்லை. சக்கரத் தடைகளில் பிடிப்பு ஒன்றும் இல்லாதிருந்தும் வண்டி சிறிதும் அசையாவிடில், இரண்டு கியர்கள் ஒருங்கே விழுந்தமைக்கு அஞ்சுதல் வேண்டும். அத்தகைய வண்டியைக் கயிறு கட்டி இழுத்தல் கூடாது. பின்சக்கரங்களால் ஓடும் வண்டியாயின் அவற்றைத் தரையினின்றும் தூக்கியே கொண்டுசெல்லல் வேண்டும். ஒரு கியரில் மட்டும் அகப்பட்ட வண்டிக்கு இத்துணைத் தொல்லை இல்லை. முதற் கியரிலோ இரண்டாம் கியரிலோ அகப்பட்டிருந்தால், கிளச்சை மிதித்து எஞ்சினை இயக்கி, மெல்ல ஓட்டியே பட்டறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கோல் தளர்ந்து நடுநிலை காட்ட, வண்டியோ கியரிலேயே நிற்குமாயின், ஃபோர்க்கைக் கம்பியோடு இறுக்கும் திருகாணி கழன்றிருக்கலாம். கம்பி மட்டும் திரும்பி வர, ஃபோர்க் வளையத்தோடு அங்கேயே தங்கிவிடும். இனி, பெட்டியின் எண்ணெயை ஒரு தட்டில் வடித்துப் பார்ப்பது என் மாணவர் தவறாது செய்யும் செயல். நாடி பார்ப்பதற்கு ஒப்பானது இது. எண்ணெயில் பொன்னிறத் துகள்கள் மினுக்கினால் வெண்கல வளையங்கள் தேய்கின்றன. காந்தத்தை நீட்டினால் அவை ஒட்டா. காந்தத்தோடு சாம்பல்நிறக் குழம்பு சிறிது ஒட்டினால் அது நாட்பட்ட தேய்வு, அஞ்சவேண்டா. கூரிய எஃகுத் துண்டுகள் ஒட்டினால், பல் ஒன்று உடைந்துள்ளது. அத்துண்டே இரண்டு சக்கரங்களுக்கிடையே ஆப்பாகி நின்றிருக்கக்கூடும். அதன்பின் பெட்டியைத் திறப்பதன்றி வேறு வழி இல்லை. எண்ணெய் போதிய அளவு இல்லாமற் போனதே இவற்றுட் பலவற்றிற்கு மூலம். எஞ்சின் எண்ணெயைத் திங்கள்தோறும் பார்ப்போர்கூடக் கியர்ப்பெட்டியை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகின்றனர்.

ஒருநாள் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கையில் என் மாணவரின் இடது மணிக்கட்டில் நீண்ட தழும்பு ஒன்றைக் கண்டு, அஃது என்ன என்று வினவினேன். அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில், சிக்கிய இணைகோல்களைக் கையால் விடுவித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே அமர்ந்திருந்தவர், கியர் விடுபட்டுவிட்டது என எண்ணிச் சாவியைத் திருகிவிட்டார். கியர் விடுபட்டிருக்கவில்லை. வண்டி முன்னே துள்ளிற்று. சுவரும் வண்டியும் நெருங்கிய இடைவெளியில் கையோடு போயிற்று என்று அவர் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முன்புறத்தில் கைப்பிடியை நுழைத்துச் சுழற்றி எஞ்சினை இயக்கும் பழைய வண்டிகளில் இவ்விடர் இன்னும் கொடியது. கியரில் இருக்கும் வண்டியைச் சுழற்றுவோன், அது புறப்படும்போது, அதன் நேர் முன்னிலையில் குனிந்து நிற்கின்றான்.

அன்றுமுதல், கியர் சிக்கிய வண்டி எவருடையதாயினும், வாயிலில் நுழைந்தவுடன் அவர் முதலில் கையை நீட்டிச் சாவியை வாங்கித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொள்கின்றார். முன்மூடி அதன்பின்னரே திறக்கும். சென்ற ஆண்டு என் மருமகனின் வண்டியை அங்குக் கொண்டுசென்றேன். "தம்பி, நான்தான் உள்ளே உட்காரப் போகின்றேன், திருக மாட்டேன்" என்றேன். "தெரியும் ஐயா. சாவியைக் கொடுங்கள்" என்றார்.